பாஸைக் கொன்றால் போதும் என்று நினைத்த பையன்

‘ஸ்காட் பில்கிரிம் வெர்சஸ் தி வேர்ல்ட்’ படத்தை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள், எனக்கே கணக்கு விட்டுப்போய்விட்டது. இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் “பார்க்க ஜாலியா இருக்கு, ஆனா உள்ளே ஒண்ணுமில்லையே” என்பார். நானும் இத்தனை வருஷமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன். இன்றைக்கு முடியாது, எழுதியே ஆக வேண்டும்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஸ்காட், டொராண்டோவில் இருக்கும் 22 வயசுப் பையன். வேலைவெட்டி கிடையாது, ஒரு சுமாரான பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். ரமோனா என்ற பெண்ணிடம் மனசைப் பறிகொடுக்கிறான். அவளோடு பழக வேண்டுமென்றால் அவளுடைய ஏழு எக்ஸ்களையும், அதாவது பழைய காதல் துணைகளையும், வரிசையாகச் சண்டையில் தோற்கடிக்க வேண்டும். வீடியோ கேமில் லெவல் முடிவில் ‘பாஸ்’ என்று ஒரு பெரிய எதிரி வருவானே, அது மாதிரி. அவ்வளவுதான் கதை. பிரையன் லீ ஓ’மாலி 2004 முதல் 2010 வரை ஆறு புத்தகங்களாக வரைந்த காமிக்ஸை எட்கர் ரைட் படமாக்கினார். இத்தனை விஷயம் சொல்கிறேனே, இனி ஸ்பாய்லருக்கும் நான் பொறுப்பில்லை.

படம் முழுக்கவே வீடியோ கேம் பாணிதான். தயாரித்த யுனிவர்சல் நிறுவனத்தின் லோகோவே பழைய வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஸ்காட் பாத்ரூம் போனால் ஓரத்தில் ஒரு மீட்டர் இறங்கும். அவன் தங்கியிருக்கும் அறையில் எந்தப் பொருள் யாருடையது என்று எழுத்து மிதக்கும், பார்த்தால் பாதிக்கு மேல் ரூம்மேட் வாலஸ் வாங்கியது. முதல் எக்ஸ் தோற்றதும் சில்லறைக் காசாகச் சிதறுகிறான். அதைப் பார்த்த ஸ்காட்டின் கவலை, இது பஸ்ஸுக்குக்கூடப் பத்தாதே என்பது. ஒரு கனவுக் காட்சியில் ‘செல்டா’ கேமின் இசை வரும், அதற்காக ரைட் அந்த கேமை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனத்துக்குக் கடிதமே எழுதி அனுமதி வாங்கினார். பேண்டின் பாடல்களை எழுதியது இசைக்கலைஞர் பெக், பின்னணி இசை நைஜல் காட்ரிச். காதுக்குக் குறையே இல்லை.

இதையெல்லாம் அலங்காரம் என்று எடுத்துக்கொள்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. இந்தப் பையன் உலகத்தைப் பார்ப்பதே இப்படித்தான். ஜெயித்த லெவலை யாராவது திரும்பிப் பார்ப்போமா? மிதித்துவிட்டுப் போன எதிராளிக்கு என்ன ஆச்சு என்று யோசிப்போமா? ஸ்காட் மனிதர்களிடமும் அப்படியே நடந்துகொள்கிறான். நைவ்ஸ் என்ற 17 வயசுப் பள்ளிக்கூடப் பெண்ணோடு சுற்றிக்கொண்டே ரமோனா பின்னாலும் போகிறான். பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் கிம் அவனுடைய பழைய காதலி. படம் முழுக்க அவனை முறைத்துக்கொண்டே வாசிப்பாள், அவன் ஏன் என்றுகூட யோசிப்பதில்லை. இவனும் யாரோ ரெண்டு மூணு பேருக்கு ‘எக்ஸ்’ தானே, அதுவும் மோசமான எக்ஸ். அது அவன் மண்டையில் ஏறவே ஒரு தடவை சாக வேண்டியிருக்கிறது.

ஆமாம், சாகிறான். கடைசி எக்ஸ் கிடியனோடு மோதும்போது, ரமோனாவைக் காதலிக்கிறேன் என்று சொன்னதும் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு வாள் வருகிறது, காதலின் சக்தி. வேறு படமாக இருந்தால் அத்தோடு சுபம். இங்கே அந்த வாளோடு சண்டை போட்டும் தோற்றுச் செத்துப்போகிறான். முந்தைய சண்டையில் கிடைத்த எக்ஸ்ட்ரா லைஃப், கேமில் செத்தாலும் மறுபடி ஆடக் கிடைக்கும் கூடுதல் உயிர், கையில் இருப்பதால் அதே இரவுக்கு மறுபடி வருகிறான். இரண்டாவது தடவை அவன் செய்வதைக் கவனியுங்கள். சண்டைக்கு முன்பே கிம்மிடம் மன்னிப்புக் கேட்கிறான். சண்டை எனக்காக என்கிறான், அப்போது வருவது சுயமரியாதையின் வாள். அப்புறம் நைவ்ஸ், ரமோனா இருவர் முன்னாலும் நான் ஏமாற்றினேன் என்று ஒப்புக்கொள்கிறான். ஏற்கெனவே தெரிந்த லெவலை மறுபடி ஆடும்போது நாம் எப்படி விறுவிறுவென்று போவோமோ அதே வேகம், அதே அலட்சியம். ஆனால் போன முறை கண்ணிலேயே படாத ஆட்கள் இந்த முறை படுகிறார்கள். இதை வசனமாக எழுதியிருந்தால் பாடம் நடத்துவது போலிருக்கும். கேம் ஆடியவனுக்கு விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று. படத்தின் முற்பகுதியில் ஸ்காட்டும் நைவ்ஸும் ஆர்கேடில், அதாவது காசு போட்டு கேம் ஆடும் இடத்தில், ஒரு நிஞ்சா கேம் ஆடுவார்கள், ரெண்டு பேரும் ஒரே மாதிரி கை காலை வீசிக்கொண்டு. ஏதோ டேட்டிங் காட்சி என்று விட்டுவிடுவோம். கடைசியில் கிடியனை ரெண்டு பேரும் சேர்ந்து அடிப்பது அதே அசைவுகளில். மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது. வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, சரிபார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

குறை இல்லாமல் இல்லை. ரமோனா. அத்தனை பேர் அடித்துக்கொள்வது அவளுக்காக, ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க படத்துக்கு நேரமில்லை. அவள் கிடியனிடம் திரும்பிப் போவதற்குக்கூடக் கழுத்தில் ஒரு சிப் வைத்துக் காரணம் சொல்லிவிட்டார்கள், அது சுத்த சோம்பேறித்தனம். காமிக்ஸில் அவளுக்கு இதைவிட இடம் இருந்தது. முதலில் எடுத்த முடிவில் ஸ்காட் நைவ்ஸோடு சேர்வதாகத்தான் இருந்தது, பிறகு மாற்றினார்கள். ரெண்டில் எதை வைத்தாலும் சரியாகப் பொருந்தியிருக்கும் என்பதிலிருந்தே தெரிகிறது, ரமோனாவை எவ்வளவு மேலோட்டமாக எழுதியிருக்கிறார்கள் என்று.

2010 ஆகஸ்டில் வந்தபோது படம் படுதோல்வி. பட்ஜெட் சுமார் 6 கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் 5 கோடியைத் தொடவில்லை. இதில் எக்ஸ்களாக நடித்த கிறிஸ் எவன்ஸும் பிராண்டன் ரூத்தும், ஸ்காட்டின் பழைய காதலியாக வந்த பிரீ லார்சனும் இன்றைக்கு யாருக்குத் தெரியாது? படத்தோடு யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்காட் பில்கிரிம் கேம் 2014 இறுதியில் கடைகளிலிருந்து காணாமல் போய் 2021 ஜனவரியில் திரும்பி வந்தது. எக்ஸ்ட்ரா லைஃப் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, வேண்டாம், எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

ரமோனா விஷயத்தில் எனக்கிருந்த கோபம் மட்டும் 2023 நவம்பரில் கொஞ்சம் தணிந்தது. நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஸ்காட் பில்கிரிம் டேக்ஸ் ஆஃப்’ அனிமே (ஜப்பானிய பாணி அனிமேஷன்) தொடருக்குப் படத்தில் நடித்தவர்களே குரல் கொடுத்திருக்கிறார்கள். அதே கதைதானே என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். முதல் எபிசோட் முடிவில் முதல் எக்ஸோடு சண்டை, அடி விழுகிறது, சில்லறைக் காசு சிதறுகிறது. சிதறியது ஸ்காட். என்ன நடந்தது என்று துப்பறியக் கிளம்புகிறவள் ரமோனா.