மொய் நோட்டு தப்பாத ஊரில் மன்றக் கணக்கு மட்டும் ஏன் தப்புகிறது?

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நிற்கும். வர்ணம் உரிந்து, தொடங்கிய ஆண்டு பாதிதான் தெரியும். இளைஞர் மன்றம், நற்பணி மன்றம், விளையாட்டுக் கழகம், ஏதோ ஒன்று. விசாரித்தால் "அது நின்னு போச்சுங்க" என்பார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும். பசங்க வேலைக்குப் போயிட்டாங்க, கட்சி புகுந்திருச்சு, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஆகல. எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னாலேயே ஏதோ ஒரு பொங்கலில் வசூலான பணத்துக்குக் கணக்கு வாசிக்காமல் விட்டிருப்பார்கள். மன்றம் அன்றைக்கே படுத்துவிட்டது. பலகை மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் கிராமங்களுக்குக் கணக்கு புதிதல்ல. கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு எழுதும் மொய் நோட்டைப் பாருங்கள். ஊர், பெயர், தொகை, கடைசியில் மொத்தம். இருபது வருடம் கழித்தும் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிறார்கள். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும் ஊர்களில், எந்த வீடு கொடுத்தது, எது பாக்கி என்று ஊர்க்கூட்டத்தில் வாசிப்பார்கள். ஏலச்சீட்டு நடத்துகிற அக்காவின் நோட்டில் ஒரு ரூபாய் இடிக்காது. இவ்வளவும் தெரிந்த ஊரில், மன்றம் என்று வந்ததும் பணம் ஒருத்தர் சட்டைப்பையில், கணக்கு இன்னொருத்தர் ஞாபகத்தில்.

பெண்கள் சுய உதவிக் குழுக்களைப் பாருங்கள். 1989-ல் தருமபுரியில் தொடங்கியது, இன்று குழு இல்லாத ஊரைத் தேட வேண்டும். 12 முதல் 20 பேர், குறித்த நாளில் கூட்டம், சேமிப்பு, கடன், திருப்பிக் கட்டியது எல்லாம் அன்றைக்கே பதிவேட்டில். அவர்களுக்குள் சண்டை வராமலா இருக்கிறது? வரும், நன்றாகவே வரும். ஆனாலும் நோட்டு நடுவில் இருப்பதால் சண்டை நோட்டைத் தாண்டிப் போவதில்லை. அதே வீட்டுப் பையன்கள் நடத்தும் மன்றத்துக்கு அம்மாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்கத் தோன்றுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, என்னென்ன வேண்டும்? முதலில் தீர்மானப் புத்தகம். தைத்த, கெட்டி அட்டை நோட்டு. எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிடுங்கள், பின்னால் ஒரு தாள் கிழிந்தால் தெரிந்துவிடும். கூட்டத்தின் தேதி, நேரம், இடம், வந்தவர்கள், போன கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளில் எது முடிந்தது, இருப்புத் தொகை, பிறகு தீர்மானங்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரை எழுதுகிறோமே, அதைவிட "யார் செய்வது, எந்தத் தேதிக்குள்" என்ற வரிதான் முக்கியம். அது இல்லாத தீர்மானம் காகிதத்திலேயே தங்கிவிடும். வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று: முதலில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை அப்புறம் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது. நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள். ஒரு வருடம் கழித்து "நான் இதுக்கா கையெழுத்துப் போட்டேன்?" என்று ஒருவர் கேட்டால் பதில் இருக்காது. எழுதி, சத்தமாக வாசித்து, கடைசி வரிக்குக் கீழே இடம் விடாமல் கையெழுத்து. இவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். செய்தி சொல்ல அது போதும், முடிவெடுக்கப் போதாது. இரவு பதினோரு மணிக்கு ஒருவர் "ஜெர்சி அடிக்கலாமா" என்று போடுவார், ஆறு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், காலையில் ஆர்டர் போயிருக்கும். மீதிப் பதினான்கு பேர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சந்தா கட்டியவர்கள்தான்.

அடுத்தது ரசீது. வரிசை எண் அச்சடித்த, நகல் தாளோடு கூடிய புத்தகம். எந்தப் புத்தகம் யார் கையில், எந்த எண் முதல் எந்த எண் வரை என்று கொடுக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பொங்கல் வசூலுக்கு நாலு கோஷ்டியாகப் போவார்கள், நாலு புத்தகமும் மறுநாளே பொருளாளரிடம் திரும்ப வேண்டும். பணத்தை எண்ணுவதற்கு முன் நகல் தாள்களைக் கூட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே பேசித் தீர்த்துவிடலாம். மாசம் கழித்துப் பேசினால் அது குற்றச்சாட்டாகிவிடும். நகல் தாளே கிழிபட்டிருந்தால் "வீணாயிருச்சு" என்பதை ஏற்காதீர்கள். தப்பாக எழுதிய ரசீதைக் குறுக்கே கோடு போட்டுப் புத்தகத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை, ஜிபே. பிளக்ஸில் ஒரு தம்பியின் போன் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். நன்கொடை அவன் சொந்தக் கணக்கில் விழுகிறது, அதே கணக்கிலிருந்து பைக் தவணையும் போகிறது. அவன் திருடன் இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து எது மன்றப் பணம், எது சம்பளம் என்று பிரிக்க அவனாலேயே முடியாது. மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்து, அந்தக் கணக்குக்கே கியூஆர். அதுவரைக்கும் ஒருவர் நம்பருக்குத்தான் வரும் என்றால், வந்த பணத்தை அன்றிரவே ரசீது போட்டு ரொக்கமாக எடுத்து ஒப்படைக்கட்டும். செலவுக்கும் அப்படித்தான். பந்தல்காரர் பில் கொடுப்பார், குழி வெட்டியவர் கொடுக்கமாட்டார். ஒரு வெள்ளைத்தாளில் வேலை, தேதி, தொகை எழுதி அவர் கையெழுத்தோ ரேகையோ வாங்கினால் அதுதான் வவுச்சர்.

பொருளாளராக யாரைப் போடுவது? படித்த பையன் என்று திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பவரைப் போடுகிறார்கள். அவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், வரும்போது நோட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பார். தினமும் ஊரில் முகம் தெரிகிற ஆளாகப் பாருங்கள். பால் சொசைட்டியில் காலையும் மாலையும் லிட்டர் கணக்கு எழுதுபவரைவிடப் பொருத்தமானவர் யார்? ஊரே இரண்டு வேளையும் அங்கே வரிசையில் நிற்கிறது. மன்ற அறிவிப்பை ஒட்டவும் அதுதான் நல்ல சுவர்.

பதிவு பற்றி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். நிர்வாகக் குழுவில் 3 பேராவது வேண்டும், அவர்கள் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு, அதில் கணக்கு. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. பதிவு நம்பரைப் பலகையில் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற மன்றங்கள்தான் அதிகம். வருடாவருடம் தாக்கல் செய்யாமல் விட்டு, ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நிதி வருகிறது என்றதும் பழைய தலைவரைத் தேடி ஓடுவார்கள். அவர் சிங்கப்பூரில் இருப்பார். வங்கியில் கையெழுத்தும் அவருடையது.

இனி மன்றம் என்றாலே நினைவுக்கு வரும் கபடிக்கு வருவோம். ஒரே இரவில் முடித்துவிடலாம் என்ற கணக்குதான் எல்லா இடத்திலும் தப்புகிறது. 19 அணி வந்தால் நாக்அவுட்டில் 18 ஆட்டம். இது எப்போதும் அணி எண்ணிக்கையில் ஒன்று குறைவு, யோசிக்கவே வேண்டாம். பாதிக்கு 20 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் 5 நிமிடம். சண்டை, டைம் அவுட், அணி வந்து சேரும் தாமதம் எல்லாம் சேர்த்தால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். சாயங்காலம் 6-க்குத் தொடங்கினால் மறுநாள் நண்பகலில்தான் இறுதி ஆட்டம் முடியும். பார்க்க ஆளும் இருக்காது, ஆட உடம்பும் இருக்காது. காலிறுதிக்கு முந்தைய ஆட்டங்களைப் பாதிக்கு 10 நிமிடமாகக் குறைப்பது, இல்லையென்றால் இரண்டு களம் போடுவது. வேறு வழி கிடையாது. 19 அணிக்கு 13 பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு, விழும், முதல் சுற்றில் 3 ஆட்டம்தான். அந்தப் பை யாருக்கு என்பதில்தான் முதல் கலவரம். எல்லா கேப்டன்களையும் நிற்கவைத்துச் சின்னக் குழந்தை ஒன்றை விட்டுச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். நடத்தும் ஊர் அணிக்கு முன்கூட்டியே பை கொடுத்துவிட்டு "சம்பிரதாயம்" என்று சொல்லாதீர்கள்.

எடைப்பிரிவு ஆட்டம் என்றால் தராசை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள், முதலில் ஒரு கிலோ கல்லைக் கொண்டு தராசையே சோதித்துக் காட்டுங்கள். ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர். மண்ணை முந்தின நாளே கிளறி, சல்லியும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி, சாயங்காலம் தண்ணீர் விட்டு வைத்தால் மறுநாள் பதமாக இருக்கும். ஆட்டத்துக்குச் சற்று முன் தண்ணீர் விட்டால் வழுக்கி முட்டி போகும். மைக் செட்டுக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வர்ணனையாளர் எவ்வளவு உற்சாகத்தில் இருந்தாலும் சரி, ஸ்விட்ச் யார் கையில் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஆனால் கபடி வருடத்துக்கு இரண்டு நாள். மன்றம் ஊருக்கு உண்மையில் தேவைப்படுவது துக்க வீட்டில். சாவு விழுந்த அரை மணி நேரத்தில் நாற்காலி, சாமியானா, ஐஸ் பெட்டி, தண்ணீர் டிரம் வந்து இறங்கினால், அந்த வீடு மன்றத்தை மறக்காது. பொருள் வாங்கும்போதே பாத்திரக்கடையில் மன்றத்தின் பெயரை வெட்டச் சொல்லுங்கள். அண்டா, தேக்சா எல்லாம் திரும்பி வரும், கரண்டியும் ஜல்லிக்கரண்டியும்தான் வராது. கொடுக்கும்போது எண்ணி எழுது, வாங்கும்போது விளக்கியதா என்று பார்த்து எண்ணு. பிளாஸ்டிக் நாற்காலியை வெயிலில் அடுக்கி வைத்தால் இரண்டு கோடையில் மொறுமொறு என்று ஆகிவிடும், கனமான ஆள் உட்கார்ந்ததும் கால் விரியும். நிழலில் வையுங்கள், பத்துக்கு மேல் அடுக்காதீர்கள். வாடகை வேண்டாம் என்பது பெருந்தன்மை, ஆனால் உடைந்ததை மாற்ற எங்கிருந்து வரும்? துக்கத்துக்கு இலவசம், விசேஷத்துக்கு வாடகை. பெரும்பாலான ஊரில் இதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

ரத்ததானப் பட்டியலும் அப்படியே. பெயரும் குரூப்பும் மட்டும் எழுதிய பட்டியல் அவசரத்தில் கைகொடுக்காது. கடைசியாகக் கொடுத்த தேதி என்ற கட்டம் வேண்டும். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விடவேண்டும். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. அவர் இப்போது ஊரில் இருக்கிறாரா என்பதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மரம் நடுவதை ஒரே வரியில் முடித்துவிடலாம். சுதந்திர தினத்தில் 200 கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட, ஐப்பசி மழை பிடித்ததும் பத்துக் கன்று நட்டு, ஆட்டுக்கு எட்டாமல் கூண்டு போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றப் பத்து வீட்டின் பெயரை எழுதி வைப்பது மேல்.

சொல்லாமல் விடமுடியாத ஒன்று. "ஊர் மன்றம்" என்கிறோமே, எந்த ஊர்? பல இடங்களில் ஊர்த்தெருவுக்கு ஒரு மன்றம், காலனிக்கு ஒரு மன்றம். ஊர்த்தெரு மன்றத்தின் மைதானத்தில் காலனிப் பையன் ஆடலாம் என்பார்கள், உறுப்பினர் படிவம் மட்டும் தீர்ந்துபோயிருக்கும். பெண்களுக்குக் கோலப்போட்டி, எவர்சில்வர் டப்பா பரிசு, அதோடு சரி. கூட்டமே இரவு ஒன்பது மணிக்கு ஆலமரத்தடியில் என்றால் எந்தப் பெண் வருவாள்? ஞாயிறு மாலை நாலு மணிக்கு எல்லாத் தெருவுக்கும் பொதுவான பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ வையுங்கள். 2006-ல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகமும் விளையாட்டு மைதானமும் அமைத்தார்கள். உங்கள் ஊரில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடந்தால், சாவி கேட்டு எழுத்து மூலம் கிராம சபையில் மனு கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வராமல், தீர்மானமாகப் பதிந்தார்களா என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நின்றுபோன மன்றத்தை எழுப்ப நினைப்பவர்கள் புது பிளக்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், பழைய ஆட்களிடம் போய் நோட்டுகளையும் மிச்சமிருக்கும் ரசீதுப் புத்தகங்களையும் வாங்குங்கள். எழுதாத ரசீதுகளை எல்லாம் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்து, எத்தனை எண்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கையிருப்பு எவ்வளவு என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதி, பழைய நிர்வாகிகளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவர்களில் இரண்டு பேராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கேளுங்கள்.