காலுறை கூடினால் சூடு கூடுமா?
இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலையில் போகிறவர்கள் மூன்று சோடி காலுறை போட்டால் கால் சூடாக இருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் சப்பாத்து இறுகிவிட்டால் நடப்பது நேர்மாறு. சூட்டைப் பிடித்து வைப்பது இழைகளுக்கு இடையில் நிற்கும் காற்று; நெருக்கினால் அது போய்விடும், விரல்களுக்கு இரத்தமும் சரியாக ஓடாது. ஹோர்ட்டன் சமவெளியோ 2,100 மீற்றருக்கு மேலே, சனவரியில் புல்லில் உறைபனி படியும் இடம்.

வீட்டிலேயே பார்க்கலாம். அளவான சப்பாத்தில் ஒரு காலுக்கு ஒரே கம்பளிக் காலுறை, மற்றதற்கு மூன்று. அதிகாலையில் அரை மணி நேரம் வெளியே உட்காருங்கள். அப்புறம் இரண்டு கால் விரல்களையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே விரலை அசைக்க முடியவில்லை என்றால் உடனே ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.