பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள்

நியூஜெர்சி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் பால்டஸ்ரால் கோல்ஃப் கிளப் இருக்கிறது. அங்கே ஆட உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் உறுப்பினர் யாராவது அழைத்துப் போக வேண்டும். நமக்கெல்லாம் டிவிதான். அமெரிக்க ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி 7 முறை நடந்த இடம். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் 1967-லும் 1980-லும் இங்கே ஜெயித்தார். பலரும் சொல்வது இதைத்தான். எனக்கு பால்டஸ்ரால் என்ற பெயர்தான் முக்கியமாகப் படுகிறது.

பால்டஸ் ரோல் ஒரு விவசாயி. அங்கே நிலம் வைத்திருந்தார். வீட்டில் பணம் பதுக்கியிருக்கிறார் என்று ஊரில் பேச்சு. 1831 பிப்ரவரி 22 இரவு இரண்டு பேர் வந்து, அவரை வெளியே இழுத்துப்போட்டுக் கொன்றுவிட்டார்கள். சந்தேகிக்கப்பட்டவர்களில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். இன்னொருவர் மேல் கொலைக் குற்றம் நிரூபணமாகவில்லை. ரோலின் கல்லறை பக்கத்து ஊர் வெஸ்ட்ஃபீல்டில் இருக்கிறது. அதைப் பார்க்க யார் சிபாரிசும் வேண்டாம்.

1895-இல் இங்கே கிளப் தொடங்கியவர் லூயிஸ் கெல்லர். பெரிய இடத்துக் குடும்பங்கள் எவை எவை என்று ‘சோஷியல் ரெஜிஸ்டர்’ போட்டு விற்றவர். யார் உள்ளே, யார் வெளியே என்று பட்டியல் போடுவதே தொழில். அவர் போய்க் கொலையுண்ட ஒரு குடியானவரின் பெயரைக் கிளப்புக்கு வைத்தார். மரியாதையா, ஓசை பிடித்துப்போனதா? ஓசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் மைதானம். 1903, 1915 அமெரிக்க ஓப்பன்கள் நடந்த பழைய மைதானம் இப்போது இல்லை. டில்லிங்காஸ்ட் என்ற வடிவமைப்பாளர் அதை அழித்து, லோயர், அப்பர் என்று இரண்டு புது மைதானங்கள் போட்டார், 1922-இல் திறந்தார்கள். இன்று அவற்றைப் பாரம்பரியம் என்று பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். டில்லிங்காஸ்டுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

1954 ஓப்பனுக்காக லோயரைத் திருத்திய வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸிடம், தண்ணீரைத் தாண்டி அடிக்கும் நாலாம் குழி ரொம்பக் கஷ்டம் என்று முறையிட்டார்களாம். அவர் ஒரு பந்து அடித்தார். நேரே குழிக்குள் போயிற்று.

அந்த ஓப்பனை ஜெயித்தவர் எட் ஃபர்கோல். இடது கையை மடக்காதே என்பது கோல்ஃபில் அரிச்சுவடி. சின்ன வயதில் விழுந்து முறிந்ததில் ஃபர்கோலின் இடது கை சூம்பிப்போய், நிமிர்த்தவே முடியாமல் இருந்தது. கடைசிக் குழியில் பந்து இடப்பக்க மரங்களுக்குள் போய்விட்டது. முன்னால் வழியில்லை. பக்கத்து அப்பர் மைதானத்துப் புல்வெளிக்கு அடித்துத் தள்ளி, அங்கிருந்து சுற்றி லோயரின் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் புல்தரைக்கு, வந்து பார் எடுத்தார்; அந்தக் குழிக்கென்று வைத்த அடிகளுக்குள் முடித்துவிட்டார். இரண்டாவதாக வந்த ஜீன் லிட்லரை ஒரே ஒரு அடியில் முந்தினார்.