வாசகர் வட்டம் என்ன கிழித்தது?

ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். பூட்டிய நூலகக் கதவு, கீழே "வாசகர் வட்டக் கமிட்டி என்ன கிழிக்கிறது?" என்று ஒரு கேள்வி. ஆளாளுக்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

படம் எடுத்தது வெள்ளிக்கிழமை. கிளை நூலகத்துக்கு வார விடுமுறையே வெள்ளிதான். நூலகப் படியை ஒரு தடவை மிதித்திருந்தால் தெரிந்திருக்கும். சரி, விடுங்கள்.

நான் இருக்கும் வாசகர் வட்டம், நூலகத்துக்குத் துணை நிற்கிற வாசகர்களின் குழு, அவ்வளவுதான். அது நூலகத்தை நடத்தவில்லை. நடத்துவது பொது நூலகத் துறை. மாவட்டத்தில் அதற்கென்று நூலக ஆணைக்குழு இருக்கிறது. 1948 சட்டம் போட்டுத் தந்த ஏற்பாடு அது. நூலகரை நாங்கள் நியமிப்பதில்லை, புத்தகம் வாங்குவதில்லை, பூட்டுச் சாவிகூட எங்களிடம் கிடையாது.

"வரிப் பணம் எல்லாம் எங்கே போகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் ஆள் மாறிவிட்டது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். வசூலிப்பது உள்ளாட்சி. அவர்கள் அதை ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். பல ஊர்களில் அது வருஷக்கணக்கில் பாக்கி நிற்பது பத்திரிகையில் அடிக்கடி வருகிற செய்தி. அதில் ஒரு பைசா வாசகர் வட்டத்தின் கைக்கு வராது.

அதிகாரம் இல்லையென்றால் தலைவர், செயலாளர் என்று பதவி எதற்கு, பொன்னாடை எதற்கு என்பீர்கள். நவம்பரில் நூலக வார விழா மேடையில் எனக்கும் ஒன்று போர்த்தினார்கள், மறுக்கவில்லை. அந்தப் பொன்னாடைக்காகத்தான் வெயிலில் கடை கடையாக ஏறி, ஆயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்து நூலகப் புரவலர் ஆகுங்கள் என்று கெஞ்சுகிறேன் போலிருக்கிறது! கடைவீதியில் ஒருவர் என்னை அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, "எல்லாம்தான் போனில் வருதே" என்றார். கடைசியில் பணம் தந்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

இப்போது யார் படிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. காலையில் வந்து பாருங்கள்.

வந்தால் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண்களைப் பார்க்கலாம். வீட்டில் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லாத பிள்ளைகள். காலையில் வந்தால் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, நூலகர் அம்மாதான் சொன்னார்: கழிப்பறை இல்லை. அன்றிலிருந்து மனு போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த மேஜை அந்த மேஜையைக் காட்டுகிறது, அந்த மேஜை மேலிடத்தைக் காட்டுகிறது. நாங்கள் கிழித்தது எல்லாம் இந்த மனுவின் நகல்களைத்தான்.

அந்தப் பதிவை நூலகர் அம்மாவுக்கும் யாரோ அனுப்பிவிட்டார்கள். கூட்டுவதற்கு ஆள் கிடையாது. விளக்குமாறும் அவர்தான், பதிவேடும் அவர்தான். "நான் லீவு போடவே இல்லையே சார்" என்று என்னிடம் வந்து விளக்கம் சொல்கிறார். எனக்கு எதற்கம்மா விளக்கம்? என்னைத் திட்டியது பரவாயில்லை. இதைத்தான் தாங்க முடியவில்லை.

கட்டைவிரல் தூக்கியவர்களில் என் சித்தப்பா மகனும் உண்டு. புரவலர் ஆகச் சொன்னபோது "அடுத்த மாசம் பார்க்கலாம்ணே" என்றவன். எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று இன்னும் சொல்லவில்லை.