வாப்பா தொடாத வட்டிப் பணம்

இஸ்லாத்தில் வட்டி கூடாது என்பதால், வாப்பா கடைசிவரை சேமிப்புக் கணக்கில் விழுந்த வட்டியைத் தொட்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைப் பார்த்துக் கூட்டி, அந்தத் தொகையை தர்மம் செய்த நன்மை கிடைக்கும் என்று எண்ணாமல் கஷ்டப்படும் யாருக்காவது கொடுத்துவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான், இஸ்லாமியச் சட்டப்படி நடக்கும் வங்கி, வாலட் பற்றி "ஷரீஆ என்று பெயர் வைத்தால் ஜனங்கள் மயங்கிவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தோனேசியாவைப் பாருங்கள். செல்போன் வாலட்டில் போட்ட பணம் செலவாகும்வரை எந்த வங்கியில் கிடக்கிறது? அது நிறுவனத்துக்கு நாம் கொடுத்த கடன் என்றால், அதற்காகக் கிடைக்கும் தள்ளுபடி வட்டி ஆகாதா? அங்கே இதையெல்லாம் உட்கார்ந்து விவாதித்தார்கள். 2017இல் மார்க்க அறிஞர்களின் உலமா சபையின் தேசிய ஷரீஆ வாரியம் மின்னணுப் பணம் பற்றி 116ஆம் எண் ஃபத்வாவை (மார்க்கத் தீர்ப்பை) வெளியிட்டது. பணம் அமானிதமா (பாதுகாக்கக் கொடுத்ததா), கடனா என்பது தெளிவாக இருக்க வேண்டும், அது ஷரீஆ வங்கியில்தான் இருக்க வேண்டும் என்றது. 2020 ஏப்ரலில் லிங்க்அஜா ஷரீஆ என்ற செல்போன் வாலட் வந்தது. மனசில் உறுத்தல் இல்லாமல் பணம் கட்ட ஒரு வழி. வாப்பாவுக்கு அது கிடைக்கவில்லை.

ஆனால் ஈமான் (இறை நம்பிக்கை) மட்டும் போதாது. தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் செல்லாத வாலட்டை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? 2019இல் வந்த கியூரிஸ் என்ற பொது கியூஆர் முறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. எந்தச் செயலியாக இருந்தாலும் கடையில் ஒரே கியூஆர்தான். மார்க்கத்தைப் பேணுகிறவர் அதற்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

அச்சே மாகாணத்தில் நடந்தது வேறு. நிதி நிறுவனங்கள் எல்லாம் ஷரீஆப்படி நடக்க வேண்டும் என்று 2018இல் அங்கே சட்டம் போட்டார்கள். மற்ற வங்கிகள் கிளம்பிவிட்டன. சரி, மக்கள் மிச்சமிருந்த ஷரீஆ வங்கிகளை நம்பினார்கள். 2023 மே மாதம் அவற்றில் ஒன்றான பேங்க் ஷரீஆ இந்தோனேசியாவின் சேவை சில நாட்கள் முடங்கியது. தரவுகளைத் திருடிவிட்டதாக ஒரு ஹேக்கர் கும்பல் சொன்னது. மற்ற மாகாணத்தில் இருப்பவர் வேறு வங்கிக்குப் போகலாம், அச்சேக்காரர் எங்கே போவார்? பழைய வங்கிகளைத் திரும்பக் கூப்பிடலாமா என்று அங்கேயே பேச்சு எழுந்தது. ஈமான் குறைந்ததால் எழுந்த பேச்சு இல்லை அது. சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் நின்றதால் எழுந்தது.

அமானிதமாக வாங்கிய பணத்தைக் கேட்ட நேரத்தில் கொடுக்க முடியாமல் போவதும் மார்க்கப் பிரச்சினைதான். ஷரீஆ வாரியத்தில் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் உட்காரும் மேஜையில், கணினிப் பாதுகாப்பு தெரிந்த ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்.