அந்தத் தூண்டில் மீன் ஆள் உயரம் இல்லை

அக்கா, நீங்கள் பகிர்ந்த வீடியோவில் வரும் கறுப்புத் தூண்டில் மீன் (தலையில் தூண்டில் போன்ற உறுப்புள்ள ஆழ்கடல் மீன்) ஆள் உயரம் இருக்கும், பிள்ளைகளை டர்பன் கடலில் இறக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் மேலுள்ள அக்கறை புரிகிறது. ஆனால் அந்த மீன் சுமார் 6 செ.மீ. நீளம்தான். அந்த வீடியோ 2025 ஜனவரியில் ஸ்பெயினின் தெனெரீஃப் தீவுக்கு அருகே எடுத்தது. சார்டின் மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும் ‘சார்டின் ரன்’ சமயத்தில் நம் டர்பன் கரையில் வாளி வாளியாக அள்ளுகிறோமே, அந்த சார்டினைவிடச் சின்னது; உள்ளங்கையில் அடங்கிவிடும்.

கேமராவை மிக நெருக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வீடியோவை நிறுத்திப் பாருங்கள்: பக்கத்தில் ஒப்பிட ஒரு கையோ கல்லோ இல்லை, சுற்றிலும் வெறும் தண்ணீர். வாயும் பல்லும் மட்டும் திரையை நிறைப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் மீன்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் ஃபிஷ்பேஸ் (FishBase) இணையதளத்தில் மெலனோசீட்டஸ் ஜான்சோனி (Melanocetus johnsonii) என்ற அதன் அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் தேடி, அதிகபட்ச நீளத்தைப் பாருங்கள். நன்கு வளர்ந்த பெண் மீனே ஒரு சாணுக்குள்தான். ஆண் மீன் இன்னும் பொடிசு, 3 செ.மீ. அளவுதான். பதிவில் அந்த அளவை மட்டும் திருத்திவிடுங்கள் அக்கா, பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள்.