வீடு அங்கே, வேலை இங்கே

வீட்டுவசதி முதலீடு சென்னையின் விளிம்புக்கே போகிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதாக ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மைதான். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்த புதிதில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிறகுதான் குடிசைவாசிகளை நகரின் தெற்கு விளிம்புக்கு அனுப்பிய கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகள் எல்லாம்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தவரை மயிலாப்பூருக்கு நடந்தே வருவார். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து நாலரைக்கே எழுந்து, இரண்டு பஸ் மாறி, தூக்குவாளியில் பழைய சோற்றோடு வந்து நிற்கிறார். (நல்லவேளை, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.) வந்தவுடன் பத்து நிமிஷம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார்.

சென்னைப் பெருநகரின் வளர்ச்சிக்கான இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026-ஓடு முடிகிறது. எத்தனை வீடு கட்டினோம் என்று எண்ணுவதோடு, அங்கிருந்து வேலைக்குப் போக எத்தனை மணி நேரம் என்பதையும் அடுத்த திட்டத்தில் எண்ணுவார்களா?